ஆர்.சி.ஐ. புதுப்பித்தலும் என் இனிஷியலும்

பள்ளி ஆலோசகர் வேலைக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. ஆனால் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளையும் பார்க்க வேண்டுமென்றால், சென்னையில் சில பள்ளிகள் ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறதா என்று கேட்கின்றன. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் தருகிற எண் அது. மறுவாழ்வு உளவியல் டிப்ளமா முடித்ததால் எனக்கு அது உண்டு.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் சி.ஆர்.இ. எனும் தொடர் கல்வி வகுப்புகளில் 100 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இவற்றை நடத்துகிறது. ஆன்லைனிலும் உண்டு, ஆனால் நேரில் போனால்தான் மற்ற பள்ளிக்காரர்களிடம் நாலு விஷயம் பேசிப் பழகலாம்.

புள்ளிகள் இருந்தன. சிக்கல் பெயரில்தான். டிப்ளமா சான்றிதழில் வெறும் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும் வடக்கத்திப் படிவங்களோடு நம் ஊர்க்காரர்களுக்கு என்றைக்கும் தீராத வழக்கு இது. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

கெசட்டில் பெயர் மாற்று என்றார்கள் சிலர். நான் மாற்றவில்லை, பெயர் மாறவே இல்லையே! ஐகோர்ட் எதிரே பாரிமுனையில் ஒரு நோட்டரியிடம், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் வாங்கினேன். அதை ஸ்கேன் செய்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு சேர்த்து மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் வந்த வகுப்புகளுக்கெல்லாம் பதிவில் உள்ள எழுத்துகளிலேயே பெயர் கொடுக்கிறேன், புள்ளி எதுவும் சிக்கலில் மாட்டுவதில்லை.