கலாபகஸ் தீவில் ஒரு நாள்: ஆர்வத்தில் செய்யும் தவறுகள்

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலில் இருக்கிறது கலாபகஸ் தீவுக்கூட்டம். அதன் தென்கிழக்கு மூலையிலுள்ள எஸ்பனோலா தீவுக்குக் கப்பலில் போகிறவர்களின் முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிடுகிறது: மாதம் பார்க்காமல் டிக்கெட் போடுவது. வேவ்டு அல்பட்ராஸ் பறவைகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு தீவில்தான் குஞ்சு பொரிக்கின்றன. அதுவும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான். பிப்ரவரியில் போனால் அவை ஓடுபாதையாக வைத்திருக்கும் பாறை விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

கப்பல் பெரும்பாலும் இரவில்தான் தீவு விட்டுத் தீவு போகும். குமட்டல் வந்தபின் மாத்திரையைத் தேடிப் பயனில்லை, முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

தீவில் இறங்கும் இடமான கார்ட்னர் விரிகுடாவில் படகுத்துறை கிடையாது. ரப்பர் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். ஷூவைக் கழற்றிப் பையில் வையுங்கள். படகோட்டி கை நீட்டினால் குலுக்குவதுபோல் பிடிக்காதீர்கள். ஈரக்கை வழுக்கும், மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள்.

இங்குள்ள பிராணிகளுக்கு மனிதரைக் கண்டால் பயமில்லை. அதைச் சிலர் தொட அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2 மீட்டர் தள்ளி நிற்பது விதி. மணலில் தனியாகக் கிடக்கும் கடல் சிங்கக் குட்டி அநாதையல்ல, தாய் இரை தேடப் போயிருக்கும். திரும்பி வந்து மோப்பம் பிடித்துத்தான் தன் குட்டியைக் கண்டுபிடிக்கும், அதன்மேல் நம் சன்ஸ்கிரீன் வாசம் எதற்கு? பெரிய ஆண் கடல் சிங்கத்துக்கும் கடலுக்கும் குறுக்கே மட்டும் நிற்கவே நிற்காதீர்கள், துரத்தும்.

எல்லாரையும் கவிழ்ப்பது மாக்கிங்பேர்ட் என்ற சின்னப் பறவைதான். நல்ல தண்ணீர் அரிதான தீவு இது. பாட்டிலை எடுத்தாலே காலடிக்கு வந்து, ஷூ கயிற்றைக் கொத்தி இழுத்து, அண்ணாந்து பார்க்கும். ஒரு மூடி தண்ணீர்தானே என்று மனம் இளகும். கொடுக்கக் கூடாது. ஒருவர் கொடுத்தால், அடுத்து வருகிற ஒவ்வொருவரிடமும் அது கையேந்தும்.

மதியம் அதே தீவின் புண்டா சுவாரெஸ் முனைப் பாதையில் கேமராவிலேயே கண்ணாக நடந்தால் கடல் இகுவானா என்ற பெரிய பல்லியின் வாலை மிதிப்பீர்கள். கறுத்த பாறையோடு பாறையாகக் கிடக்கும். தரையில் வெள்ளை எச்சத்தால் வட்டம் தெரிந்தால் அது நீலக்கால் பூபி என்ற கடற்பறவையின் கூடு. ஃபிளாஷுக்குத் தடை, டிரோனுக்கும் தடை.

பாறை விளிம்பு தெரியும் இடத்தில் படம் எடுத்த கையோடு திரும்பிவிடுவதைத்தான் பெரிய தவறு என்பேன். பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு அல்பட்ராஸ் வாத்துபோல் ஆடி ஆடி வந்து, 2 மீட்டருக்கும் அதிகமான சிறகை விரித்து, தவறி விழுவதுபோலக் குதிக்கும். கீழிருந்து காற்று தூக்கிக்கொண்டு போகும்.