'கெட்' ஒரு சொல், வேலை பல: ஆரம்பநிலையினருக்கு

அகராதியில் 'கெட்' (get) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'பெறு' என்றுதான் முதலில் இருக்கும். அதை வைத்து 'ஐ காட் டயர்ட்' ('காட்', got, கெட்டின் இறந்தகாலம்) என்பதைப் படித்தால் 'களைப்பைப் பெற்றேன்' என்று போய் நிற்கும். எனவே பக்கத்தில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள்.

1. பொருள் வந்தால், கிடைப்பது அல்லது வாங்குவது. 'ஐ காட் யுவர் மெசேஜ்': மெசேஜ் வந்தது. 'கெட் சம் மில்க்': கொஞ்சம் பால் வாங்கிட்டு வா.

2. தன்மை வந்தால், ஆவது. 'இட்ஸ் கெட்டிங் லேட்': நேரமாகுது.

3. இடம் வந்தால், போய்ச் சேர்வது. 'வி காட் டு மதுரை அட் சிக்ஸ்.' ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' போடாதீர்கள்.

4. பலர் சறுக்குவது இங்கேதான். சலூனுக்குப் போய் வந்து 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கத்தரி பிடித்ததாகவும் அர்த்தமாகும். 'முடி வெட்டிக்கிட்டேன்' என்பதில் நம் 'கிட்டேன்' செய்கிற வேலையை அங்கே கெட் செய்கிறது: 'ஐ காட் மை ஹேர் கட்.' வரிசை: கெட், பொருள், வினையின் மூன்றாம் வடிவம். 'கட்' மூன்று வடிவத்திலும் மாறாது, அதனால் தப்பு கண்ணில் படாது. 'ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்' என்று பழகுங்கள். 'ஐ காட் ரிப்பேர்ட் மை ஃபோன்' தவறு.

செய்தவரையும் சொல்ல வேண்டுமா? 'ஐ காட் தி மெக்கானிக் டு செக் தி பிரேக்.' இங்கே 'டு' கட்டாயம், வினை முதல் வடிவம். 'டு' இல்லாமல் வருவது 'மேக்': 'ஐ மேட் ஹிம் செக் இட்.' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

5. பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்பது நம்மூரில் செல்லும். வெளிநாட்டவரிடம் பஸ், ரயில், பைக்குக்கு 'கெட் ஆஃப்', கார், ஆட்டோவுக்கு 'கெட் அவுட் ஆஃப்'.

'டிட்ன்ட் காட்' என்று ஒன்று கிடையாது. 'டிட்ன்ட் கெட்' மட்டுமே.

ஆங்கிலம்-தமிழ் ஆப்களை இதற்கு நம்ப வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் இரண்டின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். எனக்குப் பிடித்தது லாங்மேன், உதாரண வாக்கியங்களுக்காகவே.

பின்சேர்க்கை: 'காட்டன்' (gotten, கெட்டின் இன்னொரு மூன்றாம் வடிவம்) பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். அது அமெரிக்க வழக்கு: 'இட் ஹேஸ் காட்டன் கோல்ட்'. பிரிட்டனில் 'ஹேஸ் காட்'. ஆனால் 'என்னிடம் பைக் இருக்கு' என்ற பொருளில் 'ஐ ஹேவ் காட் எ பைக்' என்னும்போது அமெரிக்கர்களும் காட்டன் போடுவதில்லை.