கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்று யார் சொல்வார்கள்? ஜெர்மனிக்குப் புதிதாக வரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

ஊரில் இருந்தவரை கணக்கில் என்ன நடந்தாலும் போன் சொல்லிவிடும். ஏடிஎம்மில் ஐந்நூறு எடுத்தால் மெசேஜ், கரண்ட் பில் கட்டினால் மெசேஜ், தவணை நெருங்கினால் இரண்டு மெசேஜ். அதே பழக்கத்தோடு இங்கே வந்து இறங்கும் நம் பிள்ளைகள், ஜெர்மன் வங்கியும் மெசேஜ் அனுப்பும் என்று காத்திருக்கிறார்கள். அனுப்பாது. இங்கே பணம் பிடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டியவர், அந்தப் பணத்தைப் பிடிக்கிற கம்பெனிதான். வங்கிக்கு அந்தக் கடமை இல்லை. கம்பெனியும் அதை மின்னஞ்சலில் சொல்லலாம், தபாலில் சொல்லலாம், நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சொல்லி முடித்திருக்கலாம்.

ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு ஸ்டுட்கார்ட், மியூனிக் பக்கம் வருபவர்களையும், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் படித்துவிட்டு மேல்படிப்புக்கு வருபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு இரண்டு பக்கமும் தவணை உண்டு. இங்கே வாடகை, மின்சாரம், இன்சூரன்ஸ். ஊரில் கல்விக் கடன், அம்மாவின் நகைக் கடன். இரண்டு பக்கத்திலும் தகவல் வரும் வழி வேறு வேறு.

இங்கே: ஐபான் எண்ணும் தபால் பெட்டியும்

ஜெர்மனியில் மாதாமாதம் போகும் பணத்தில் பெரும்பகுதி லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறையில் போகும். உங்கள் ஐபான் எண்ணை, அதாவது இங்குள்ள வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து, எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புதல் தருகிறீர்கள். கம்பெனி அதை வைத்துப் பணத்தைப் பிடிக்கிறது. செபா என்ற ஐரோப்பியப் பணப் பரிமாற்ற முறையின் விதிப்படி, பிடிப்பதற்கு 14 நாட்களுக்கு முன் தொகையையும் தேதியையும் தெரிவிக்க வேண்டும். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அந்த 14 நாளைக் குறைக்கலாம், பல கம்பெனிகள் பொது நிபந்தனைகளில் அதைக் குறைத்தே வைத்திருக்கும். 'ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி இவ்வளவு' என்று முதல் கடிதத்தில் அட்டவணை இருந்தால், அந்த ஒரே கடிதம் எல்லா மாதத்துக்கும் சேர்த்த அறிவிப்பு. ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தேதியைத் தேடிப் பிடித்து, உங்கள் போன் காலண்டரில் நீங்களே ஏற்றிவையுங்கள்.

வங்கி தன் பங்குக்குக் கணக்கு அறிக்கையைச் செயலிக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டியில் போட்டுவிடும். அதைத் திறந்து பார்ப்பது உங்கள் பொறுப்பு. பணம் போனதும் போன் அடிக்க வேண்டும் என்றால் செயலியின் அமைப்புகளுக்குள் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். கணக்குத் திறந்த அன்றே செய்துவிடுங்கள்.

தபாலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ஜெர்மன் தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர் இருக்கும். நீங்கள் சதீஷ், அப்பா முனியப்பன் என்றால், கடிதம் 'திரு. முனியப்பன்' என்றுதான் வரும். பெட்டியில் 'சதீஷ்' என்று மட்டும் ஒட்டிவைத்தால் வங்கி அட்டையின் ரகசிய எண்கூட வந்து சேராது. இரண்டு பெயரையும், பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துகளில் ஒட்டுங்கள். அறையைப் பகிர்ந்து தங்கினாலும் உங்கள் பெயரும் பெட்டியில் இருக்க வேண்டும். வீடு மாறும்போது தபால் நிறுவனத்தில் பணம் கட்டி, பழைய முகவரிக் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லலாம், மறக்காமல் செய்யுங்கள்.

முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில், பொது டிவி, ரேடியோவுக்காக வீடுதோறும் வாங்கும் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வழக்கமாக மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 யூரோ. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்பினால் போதும். பதிலே போடாமல் இருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

கணக்கில் பணம் இல்லாத நாளில் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் வந்தால் வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிடும். கம்பெனி அந்தச் செலவையும் உங்கள் தலையில் சேர்த்து நினைவூட்டல் கடிதம் அனுப்பும். மறுப்பில்லாத ஒரு பாக்கிக்கு எழுத்தில் இரண்டு நினைவூட்டல் வந்தும் கட்டாமல் இருந்தால், அந்தத் தகவல் ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகலாம். அடுத்த வீடு தேடும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பதே ஷூஃபா அறிக்கைதான். பிளாக்ட் அக்கவுண்ட்டில் (விசாவுக்காக முன்பே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கும் கணக்கு) மாதம் 992 யூரோவை நம்பி இருக்கும் மாணவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: அந்தப் பணம் வரும் தேதிக்குப் பின்னால் மற்ற எல்லாத் தேதிகளையும் தள்ளிவையுங்கள். தேதியை மாற்றித் தரச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டால் பல கம்பெனிகள் மாற்றித் தரும்.

தவறாகப் பிடித்துவிட்டால் பதற வேண்டாம். நீங்கள் ஒப்புதல் தந்த லாஸ்ட்ஷ்ரிஃப்ட்டை 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே வங்கியில் திருப்பிக் கேட்கலாம். ஒப்புதலே தராதது என்றால் 13 மாதம் வரை அவகாசம் உண்டு. மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தால் மட்டும் அன்றே திறந்துவிடுங்கள். அது நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பியது. பெட்டியில் விழுந்த நாளே கையில் கிடைத்த நாளாகக் கொள்ளப்படும், அந்தத் தேதி உறைமேல் எழுதியிருக்கும். கடன் பாக்கிக்கான நீதிமன்ற அறிவிப்பு என்றால் மறுப்புத் தெரிவிக்க இரண்டு வாரம்தான். உறையையும் பத்திரமாக வையுங்கள்.

என் யோசனை இது: மின்சாரம், இன்சூரன்ஸ் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்காதவரை முதல் வருடம் தபாலிலேயே கடிதம் வரட்டும். ஜெர்மன் மொழி மின்னஞ்சல் ஸ்பேமில் விழுந்தால் அப்படியே போய்விடும். கையில் இருக்கும் தாளை, மொழி தெரிந்த சீனியர் அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டிக் கேட்கலாம்.

ஊரில்: அப்பா கையில் சிக்கும் கடிதம்

கல்விக் கடனுக்கு இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். அந்த முதல் தவணை அறிவிப்பு வரும் நேரத்தில் நீங்கள் ஊரைவிட்டு வந்து பல வருடம் ஆகியிருக்கும். வங்கியிடம் இருக்கும் எண், நீங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண். முகவரி, காரிமங்கலத்துப் பக்கத்துக் கிராமம். கடிதம் ஆங்கிலத்தில் வரும். அப்பா அதைப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். மாங்காய் சீசன் என்றால் அவர் தோப்புக்கும் மண்டிக்கும் அலைந்துகொண்டிருப்பார், கடிதம் பக்கத்து வீட்டிலேயே கிடக்கும். அவர்மேல் குற்றம் இல்லை. எது வந்தாலும் உறையோடு போட்டோ எடுத்து அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். 2025-இலிருந்து பதிவுத் தபால் தனியாக இல்லை, விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே விரைவுத் தபால் வந்தால் முக்கியமானது என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். கிளம்பும் முன்பே ரோமிங்கை இயக்கிவிட்டால் இங்கேயும் மெசேஜ் வரும். நீண்ட நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டுப் பிறகு வேறொருவருக்குப் போகும். உங்கள் தவணைச் செய்தியும் ஓடிபியும் அவர் போனுக்குப் போகும். வெளிநாட்டு எண்ணை வைத்து யுபிஐ பயன்படுத்த 2023-இல் முதலில் அனுமதித்த 10 நாடுகளில் ஜெர்மனி இல்லை. அதனால் இந்திய எண்ணை விடாதீர்கள், அது துண்டிக்கப்பட்டாலும் தகவல் வர மின்னஞ்சலையும் வங்கியில் பதிவு செய்துவையுங்கள்.

கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் போகும் கட்டணங்களுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும். யாருக்கு, எவ்வளவு, எந்த நாள் என்று அதில் இருக்கும். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்தலாம். கடன் தவணை பெரும்பாலும் நாச் என்ற, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில் போகும். அதற்கு எத்தனை நாள் முன்பு, எப்படிச் சொல்வார்கள் என்பதைக் கடன் கொடுத்த வங்கியிடமே கேட்டு வையுங்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் எல்லா நாளும் ஓடுகிறது. 'ஞாயிற்றுக்கிழமைதானே, நாளைக்குப் போடலாம்' என்பது பழைய காலம். இந்தியா இங்கிருந்து கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிரில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கிறது. நீங்கள் இரவு படுக்கப் போகும்போது அங்கே தவணைத் தேதி பிறந்திருக்கும். பணம் இரண்டு நாள் முன்பே கணக்கில் இருக்கட்டும். 2025 தொடக்கத்தில் கடன் விவரங்கள் 15 நாளுக்கு ஒருமுறை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகத் தொடங்கின, தவறிய தவணை சீக்கிரமே தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் குடியேறியதும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அப்போது கணக்கு எண் மாறினால் பழைய தவணை ஒப்புதல் வேலை செய்யாது. புதிய எண்ணுக்கு ஒப்புதல் கொடுத்தாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள், தானாக நடந்துவிடும் என்று விடாதீர்கள்.

நகைக் கடன்தான் மனதை அதிகம் அறுக்கும் விஷயம். நகை யார் பெயரில் அடகு இருக்கிறதோ அவருக்குத்தான் அறிவிப்பு. உங்கள் விமான டிக்கெட்டுக்காக அம்மா தன் பெயரில் வைத்த செயின் என்றால் மெசேஜ் அம்மாவின் பட்டன் போனுக்குப் போகும். கூட்டுறவுக் கடன் சங்கமோ கிராம வங்கியோ, எங்கே வைத்திருந்தாலும் ரசீதைப் போட்டோ எடுத்து வாங்கி, முடியும் தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். வட்டி கட்டிப் புதுப்பிக்க ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு நினைவூட்டுங்கள்.

அவசரப்படுத்தி லிங்க் அனுப்பும் எந்தச் செய்தியையும் நம்பாதீர்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரி இப்போது '.bank.in' (புள்ளி பேங்க்.இன்) என்று முடிய வேண்டும். ஜெர்மனியில் வங்கி அனுப்பியதுபோல க்யூஆர் கோடு அச்சடித்த போலிக் கடிதங்கள் தபாலிலேயே வந்திருக்கின்றன. தாளில் வந்தது என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. ஸ்கேன் செய்யாமல், செயலியை நேராகத் திறந்து பாருங்கள்.

இன்னும் கிளம்பாதவர்கள், அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு கிளைக்கு ஒருமுறை போய்வாருங்கள். தவணை எந்தத் தேதி, செய்தி எந்த எண்ணுக்கு, கடிதம் எந்த முகவரிக்கு, மின்னஞ்சல் ஏறியிருக்கிறதா என்று கேட்டு, மாற்ற வேண்டியதை எழுதிக் கொடுத்து, நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அரூர், பென்னாகரம் பக்கக் கிளைகளில் மாதத் தொடக்கத்தில் பென்ஷன் கூட்டம் இருக்கும். மாத நடுவில் காலையிலேயே போனால் அதிகாரி உட்கார வைத்து நிதானமாகப் பேசுவார்.