மூச்சிரைப்புக்கு வைட்டமின் டி: எங்கெல்லாம் தவறுகிறோம்?

சீட்டில் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைபட்டு நாள்பட இரைக்கும் நுரையீரல் நோய்) என்று டாக்டர் எழுதிய நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இப்போது அதில் முன்னால் நிற்பது வைட்டமின் டி. "நுரையீரலுக்கு நல்லதாம்" என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

பழுதான நுரையீரலை இது சரிசெய்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. சி.ஓ.பி.டி.யின் ஒரு வகையான எம்பிசீமாவில் காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து, பல சிறு அறைகள் சேர்ந்து ஒரே தொளதொளத்த பையாகிவிடுகின்றன. அந்தச் சுவரைத் திரும்பக் கட்டுகிற மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. வைட்டமின் டியின் வேலை வேறு. மூச்சுக்குழாயின் உள்பக்கச் செல்கள் அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, கிருமிகளைக் கொல்லும் கேத்தலிசிடின் என்ற பொருளைச் சுரக்கின்றன. ஆகவே எதிர்பார்க்க முடிந்தது ஒன்றுதான்: சளியும் இரைப்பும் திடீரென முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிறதே, அது கொஞ்சம் குறையலாம்.

அதுவும் எல்லோருக்கும் இல்லை. பெல்ஜியத்தில் 182 நோயாளிகளை எடுத்து, ஒரு பாதிக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட் வீதம் ஓராண்டு கொடுத்தார்கள். 2012இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் பயனில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் தாக்குதல்கள் குறைந்தன. மூன்று ஆய்வுகளில் இருந்த 469 பேரின் விவரங்களை 2019இல் ஒன்றாக அலசியபோதும் இதே கதைதான். குறைபாடு உள்ளவர்களை வைத்தே நெதர்லாந்தில் நடத்தி 2022இல் வெளியான ஆய்விலோ, பலனே தெரியவில்லை. ஆக, 24 என்று ரிப்போர்ட் வந்தவர் அதை 60 ஆக்கினால் மூச்சு லேசாகிவிடும் என்று நினைப்பதற்கு ஆதாரம் கிடையாது. பரிசோதிக்காமலே தொடங்குவது அதைவிட வீண்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அலகையும் பாருங்கள். இங்கே பெரும்பாலும் நானோகிராமில் தருகிறார்கள், பல வெளிநாடுகளில் நானோமோல். அங்கே 25 என்றால் இங்கே 10. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பதறுவது பல நேரம் இதனால்தான்.

உண்மையில் ஆபத்தான தவறு 60,000 யூனிட் பாக்கெட்டில் இருக்கிறது. பாலில் கலக்கிக் குடிக்கும் அந்தப் பொடி வழக்கமாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான். வயதானவர் மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினமும் போட்டுக்கொண்டால், ஒரு நாளுக்குப் பாதுகாப்பான மேல்வரம்பு என்று சொல்லப்படும் 4,000 யூனிட்டைப் போல 15 மடங்கு உள்ளே போகிறது. இது கொழுப்பில் தங்கும், சிறுநீரில் உடனே போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, அடிக்கடி சிறுநீர், கடைசியில் பேச்சில் தடுமாற்றம். வீட்டில் இருப்பவர்களோ "வயசாச்சு இல்லையா" என்று விட்டுவிடுவார்கள். நெஞ்சு டாக்டர் ஒரு பாக்கெட், எலும்பு டாக்டர் ஒரு பாக்கெட், போதாததற்கு கால்சியம் மாத்திரைக்குள்ளும் கொஞ்சம் டி என்று மூன்று பக்கத்திலிருந்தும் சேர்வதும் உண்டு. எல்லாச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஒரே ஊசியில் வருஷக் கணக்கை முடித்துவிடலாம்" என்பதும் சரியில்லை. ஆஸ்திரேலியாவில் மூதாட்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில், கீழே விழுவதும் எலும்பு முறிவும் கூடத்தான் செய்தன. 2010இல் வந்த ஆய்வு அது.

வெயிலா? ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் தோலில் வைட்டமின் உண்டாகாது. அவ்வளவுதான்.

அப்புறம், இதை வாங்கிய தைரியத்தில் இன்ஹேலரைக் குறைக்காதீர்கள், பீடியைத் தொடராதீர்கள். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டும். அது நுரையீரலுக்காக இல்லை, ஸ்டீராய்டால் எலும்பு தேய்கிறது என்பதற்காக.

ஒரு கூட்டத்தார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சார்காய்டோசிஸ் நோயில், நுரையீரலில் திரளும் நோய் எதிர்ப்புச் செல்களே வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்குக் கட்டுப்பாடில்லாமல் மாற்றிவிடுகின்றன. காசநோயிலும் சிலருக்கு இப்படி நடக்கும். வழக்கமான டெஸ்டில் அளவு குறைவாகத் தெரியும், உள்ளே வேலை செய்யும் வடிவமோ எகிறியிருக்கும். அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி பாக்கெட் கொடுத்தால் கால்சியம் ஏறி சிறுநீரகம் அடிவாங்கும். இவர்கள் தொடங்கும் முன்பே ரத்தத்தில் கால்சியத்தையும், செயல்படும் வடிவத்தின் அளவையும் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.