திருகோணமலையிலிருந்து தியலுமவுக்கு: செலவைக் கூட்டும் தவறுகள்

திருகோணமலையில் தண்ணீருக்குக் குறைவில்லை. மூன்று பக்கமும் கடல், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், சற்றுத் தள்ளிப் போனால் கந்தளாய்க் குளம். மேலிருந்து விழும் தண்ணீர்தான் இல்லை. அதனால் விடுமுறை நெருங்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் "இந்த முறை வோட்டர் போல்ஸ் பார்ப்போம்" என்று தொடங்கிவிடுவார். பேச்சு பெரும்பாலும் தியலுமவில் போய் நிற்கும். 220 மீட்டர் உயரம், இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. 263 மீட்டர் உள்ள பம்பரகந்த முதலாவது.

டிசம்பரில் நிலாவெளிக்கு வந்து, "என்ன கடல் இப்படிக் கொந்தளிக்குது" என்று முகம் சுளிக்கும் கொழும்புக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாதத்தில் வரச்சொல்லி யார் சொன்னது என்று மனதுக்குள் சிரித்திருப்போம். மலைநாட்டுக்குப் போனால் அந்தக் கொழும்புக் குடும்பம் நாங்கள்தான். நான் முதல்முறை தியலும போனது ஒரு ஆகஸ்ட் மாதத்தில். ஊரில் கடல் தட்டையாகக் கிடக்கும், பள்ளிக்கூடமும் இல்லை, போக இதுதான் நல்ல காலம் என்று நினைத்தோம். போய் நின்று அண்ணாந்து பார்த்தால், அவ்வளவு பெரிய கருங்கல் சுவரில் வெள்ளை நூல் ஒன்று தொங்குகிறது. என் பெரியம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பைப்பை யாரோ பூட்டிப்போட்டாங்கள்" என்றார்.

காரணம் எளியது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி, தியலும இருக்கும் ஊவாப் பக்கம் இறங்குவது காய்ந்த காற்றுதான். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி மணம் வருவதும் இந்தக் காற்றால்தான். தேயிலைக்கு நல்லது, நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவருக்கு நல்லதில்லை. ஆகஸ்டில்தான் போகமுடியும் என்றால் மேற்குச் சரிவில் இருக்கும் தலவாக்கலைப் பக்கத்து டெவோன் நீர்வீழ்ச்சியை யோசிக்கலாம். அதன் பக்கத்திலேயே இருக்கும் சென் கிளேயர் அப்படியில்லை. மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அந்த ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி மின் நிலையத்துக்கான சுரங்க வழிக்குப் போகிறது. மழையை மட்டும் பார்த்து அதற்கு நாள் குறிக்கமுடியாது.

அப்படியானால் டிசம்பரில் போகலாமா? தண்ணீர் நிறைய விழும். ஆனால் மண்ணும் சரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு விழுங்கிய மீரியபெத்தை தோட்டம் தியலுமவுக்குக் கிட்டே உள்ள கொஸ்லந்தைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் ரயில் பாதையையும் என்ன செய்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். என் கணக்கில் பெப்ரவரியும் மார்ச் தொடக்கமும்தான் சரியான காலம். பெருமழை ஓய்ந்திருக்கும், பாறையில் தண்ணீரும் மிச்சமிருக்கும். எந்த மாதம் போனாலும், புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை பதுளை மாவட்டத்துக்கு உண்டா என்று பார்த்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தும் கேட்கலாம். பாதி வழியில் வீதி மூடியிருந்து திரும்பி வந்தால் போகவரச் செலவு முழுக்க வீண்.

காசு எங்கே கரைகிறது?

நீர்வீழ்ச்சியில் இல்லை. வீதியோரம் நின்று தியலுமவை அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம். வீதியோரத்திலேயே விழும் எல்ல இராவணா நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். காசு போவது வழியில்.

எங்கள் ஊரில் மலைநாடு என்றால் பழக்கதோஷத்தில் கண்டி வழிதான் நினைவுக்கு வரும். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு நுவரெலியா ஏறி மறுபக்கம் இறங்குவது. வான் பிடித்துப் போனால் இந்த வழியில் கண்டியில் ஒரு நிறுத்தம், நுவரெலியாவில் ஒரு இரவு, ஸ்ட்ரோபெரி, ஸ்வெட்டர் என்று தியலுமவுக்கு வருவதற்கு முன்பே பாதிக் காசு முடிந்திருக்கும். தியலுமவுக்கு முன்னால் ஓடும் வீதி ஏ4. அதே ஏ4 வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பில் முடிகிறது. அதாவது அந்த வீதியின் ஒரு நுனி எங்கள் மாகாணத்துக்குள்ளேதான் இருக்கிறது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைவிடக் கொஞ்சம் குறுக்கான வழி. மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு. அங்கிருந்து பதுளை பஸ். செங்கலடியில் திரும்பி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளைக்குப் போகும். மறுநாள் காலை பதுளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாய போகும் பஸ்ஸில் ஏறினால், இராவணா நீர்வீழ்ச்சிக்கு முன்னாலேயே பஸ் போகும். கோணேசர் மலையில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதே இராவணன் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சியைக் காட்ட எந்த டிக்கட்டும் தேவையில்லை. வெல்லவாயவில் இறங்கி, கொஸ்லந்தை, பெரகல பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் தியலும. கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இடம் வந்ததும் இறக்கிவிடுவார்.

ரயில் மலிவு என்பது உண்மை. ஆனால் எங்கள் ஊர் ரயில் மலைப் பாதையில் போவதில்லை. கல்லோயா, மாகோ என்று சுற்றி, பொல்கஹவெலயில் மாறித்தான் பதுளைப் பாதைக்கு வரமுடியும். மிச்சம் பிடித்த காசைப் பசியும் தூக்கமும் தின்றுவிடும். எல்லப் பக்கத்து ஒன்பது வளைவு ரயில் பாலத்துக்காக ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடிப்பவர்கள், பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வான் பஸ்ஸைவிடக் கட்டுபடியாகும், மறுக்கவில்லை. தவறு பேரம் பேசும் விதத்தில் நடக்கிறது. 'ஒரு நாளைக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்டு முடித்துவிடுகிறோம். எத்தனை கிலோமீட்டர் அதில் அடங்கும், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, சாரதிக்கு இரவு தங்க இடமும் சாப்பாடும் யார் பொறுப்பு? இந்த நாலும் புறப்படும் முன்பே பேசப்படவேண்டும். மலையேற்றத்தில் ஏசி போட்டால் தனிக்கணக்கு என்று பதுளையில் வைத்துத் தெரியவந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் நானும் இருந்தேன்.

மேலேயா, கீழேயா?

தியலுமவில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. படங்களில் இரண்டு தியலும உண்டு. ஒன்று, வீதியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் உயரமான நீர்வீழ்ச்சி. மற்றது, உச்சியில் பாறைக் குழிகளில் தேங்கிநிற்கும் பச்சைத் தண்ணீர்த் தடாகங்கள். இரண்டும் ஒரே இடம் என்று நினைத்து வந்து, கீழே நின்று "குளிக்கிற இடம் எங்கே" என்று தேடுவார்கள். மேலே போக வேறு வழி. பூனாகலைப் பக்கத்து மகல்தெனியவுக்குப் போய், அங்கிருந்து புல்வெளியில் நடந்து இறங்கவேண்டும். கீழிருந்து நேராக ஏறும் ஒற்றையடிப் பாதையும் உண்டு. சரிவு செங்குத்து, நெஞ்சடைக்கும். முதியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அதில் கொண்டுபோகாதீர்கள்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்று ஊரிலேயே முடிவெடுத்துவிட்டால் ஒரு ஓட்டோக் காசு மிச்சம். கீழே வந்து இறங்கியபின் மனம் மாறினால், ஓட்டோக்காரர் சொல்வதுதான் விலை. போகவர எவ்வளவு, எத்தனை மணிநேரம் காத்திருப்பார் என்பதை ஏறும் முன்பே பேசுங்கள். என் தம்பி ஒருமுறை உடைந்த சிங்களத்தில் பத்து நிமிடம் பேரம் பேசினான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த ஓட்டோக்காரர், "எங்கேர்ந்து வாரீங்க தம்பி, திருகோணமலையா?" என்று கேட்டார். சுற்றிலும் தோட்டங்கள். தமிழ் பேசுகிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முதலில் தமிழில் ஒரு வணக்கம் போட்டுப் பாருங்கள்.

கடலில் நீந்தியவருக்கு இது வேறு தண்ணீர்

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு நீச்சல் தெரியும் என்ற துணிவு அதிகம். கடல் உப்புத் தண்ணீர், உடம்பைத் தூக்கிக்கொடுக்கும். ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு தூக்காது. நிலாவெளியில் காலுக்குக் கீழே மணல். இங்கே பாசி பிடித்த பாறை, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத பள்ளம். விழும் தண்ணீருக்கு அடியில் சுழற்சி ஆளைக் கீழே இழுத்து வைத்திருக்கும். மேலிருந்து தலைகீழாகப் பாய்வது, எங்கள் ஊர் ஒல்லாந்தர் விரிகுடாவில் பாய்வதைப் போன்றதல்ல. இராவணா நீர்வீழ்ச்சியில் ஆபத்து என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொன்று, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்யலாம். தெளிந்த தண்ணீர் கலங்கி மண்நிறமாவது, சருகும் சுள்ளியும் மிதந்துவருவது, சத்தம் கனப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறுங்கள். செருப்பு, போன், பை எதையும் தேடவேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் காலை பளிச்சென்று இருந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை வருவது வழக்கம். ஆகவே மேலே போவதென்றால் காலையிலேயே போய், மத்தியானத்துக்குள் இறங்கிவிடவேண்டும். உச்சியின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பது பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. கீழே 220 மீட்டர். ஏதாவது நடந்துவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அந்தப் புல்வெளிவரை அதனால் ஏறமுடியாது.

சாப்பாடும் படுக்கையும்

அதிகாலையில் சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போனால் பிபிலை தாண்டும்போதே பழுதாகிவிடும். பிறகு கடையில் வாங்கவேண்டும், இரண்டு செலவு. தேங்காய்ப்பூ றொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். முட்டை அவித்து எடுக்கலாம். தண்ணீரைப் பெரிய போத்தலில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நீர்வீழ்ச்சிக் கரையில் பையைத் திறந்துவைத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள். இராவணாவில் குரங்குகள் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டன.

தங்குமிடத்துக்கு எல்லவைத் தேர்ந்தெடுப்பது பெரும் பிழை. அது வெளிநாட்டவரை நம்பி ஓடும் ஊர், தேநீர் விலையும் அந்தக் கணக்குத்தான். பதுளையிலோ பண்டாரவளையிலோ தங்கினால் அறையும் மலிவு, பஸ்ஸும் கிட்ட, சைவக் கடையும் கிடைக்கும். போயாவோடு சனி ஞாயிறு சேர்ந்த நீண்ட விடுமுறையென்றால் எங்கேயும் விலை ஏறும், அந்த நாட்களைத் தவிருங்கள். வெல்லவாயவும் நல்ல மலிவு, ஆனால் இரவில் எங்கள் ஊரைப்போலவே புழுங்கும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஆளுக்கொரு குளிருடுப்பு போதும். அதை வீட்டிலிருந்து எடுங்கள், வழியில் வாங்காதீர்கள்.

திரும்பி வருவதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். தியலுமவில் மூன்று நாலு மணிவரை நின்றுவிட்டு வெல்லவாய வந்தால், கிழக்குப் பக்கம் போகும் பஸ் கிடைத்தாலும் அன்றிரவு திருகோணமலையைப் பிடிக்கமுடியாது. காலையில் வெல்லவாய பஸ் நிலையத்தில் இறங்கியதுமே, மொனராகலைப் பக்கமும் பதுளைப் பக்கமும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக்கணிப்பாளரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மட்டக்களப்பில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத திருகோணமலைக் குடும்பம் குறைவு. முதல்நாளே ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் இரவுக்குச் சோறும் பாயும் இருக்கும். பதுளைச் சந்தையில் கரட்டும் லீக்ஸும் புதிதாகக் கிடைக்கும். இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் வெறுங்கையோடு படியேறவேண்டியதில்லை.