பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் பரிந்துரைப்பது எப்படி? டர்பனிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வாரக்கடைசித் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கும், அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் புத்தகம் வாங்கப் போய்க் கடையில் திகைத்து நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஏழாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிகிறது. எட்டாம் வகுப்பில் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. நான் பார்த்தவரை, அதுவரை கதைப் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளைகள் பலர் அதைக் கீழே வைப்பது இந்த மாற்றத்தின்போதுதான். எனவே பதினொன்று முதல் பதினாறு வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். நம் பிள்ளைகள் தடையில்லாமல் படிக்கும் மொழி ஆங்கிலம். தமிழ் அவர்களுக்குக் கோயிலிலும், ஆயா வாயிலும், சனிக்கிழமை வகுப்பிலும் கேட்கும் மொழி. தமிழ் நாவல்தான் படிக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் பிள்ளை எந்த நாவலையும் தொடாது. இரண்டையும் தனித்தனியாகக் கையாளுங்கள்.

படி 1: பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள்

"உனக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும்?" என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். "கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டாய், எந்த இடத்தில் விட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்கும். குறை சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது?

பதிலில் இடம்தான் முக்கியம். முதல் பத்துப் பக்கத்துக்குள் விட்டிருந்தால் மொழிநடை ஒத்துவரவில்லை. எளிய, வேகமான நடை தேடுங்கள். நடுவில் விட்டிருந்தால் கதாபாத்திரங்கள் அதிகம், அல்லது கதை நகரவில்லை. மெல்லிய புத்தகம் கொடுங்கள். முடிவுக்கு அருகில் விட்டிருந்தால் கவலைப்படாதீர்கள். அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கக்கூடியது, பெரும்பாலும் தேர்வோ கைப்பேசியோ குறுக்கே வந்திருக்கும். "ஒன்றும் பிடிக்காது, எல்லாம் போர்" என்கிற பையனுக்கு நாவலே வேண்டாம், சிறுகதையில் தொடங்குங்கள்.

படி 2: கொடுக்கும் முன் நீங்கள் படியுங்கள்

அட்டையில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் படம் இருப்பதாலேயே உள்ளே இருப்பது எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. ஜான் வான் டி ராய்ட் எழுதிய 'ஸ்பட்' (2005) 1990ஆம் ஆண்டு, மண்டேலா விடுதலையான ஆண்டு, நம் மாகாணத்து விடுதிப் பள்ளி ஒன்றில் நடக்கும் நாட்குறிப்பு நாவல். விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி, விடுதிப் பையன்களின் பச்சையான பேச்சிலிருந்து வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தயங்காமல் கொடுப்பேன், ஆறாம் வகுப்புக்குக் கொடுக்க மாட்டேன். ககிசோ லெசெகோ மொலோபே எழுதிய 'திஸ் புக் பிட்ரேஸ் மை பிரதர்' இன்னும் கனமானது. தான் உயிராக நேசிக்கும் அண்ணன் ஒரு பெண்ணுக்கு இழைக்கும் பாலியல் வன்முறையைத் தங்கை பார்த்துவிடுகிறாள். பார்த்ததைச் சொல்வதா, மறைப்பதா? அருமையான நாவல்தான். ஆனால் பதினைந்து வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேலும், அந்தப் பிள்ளையை உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர்களே அதிர்ச்சியோடு உங்களுக்குத் தொலைபேசி செய்யும் நிலை வர வேண்டாம்.

படி 3: கதையைச் சொல்லாதீர்கள், சிக்கலைச் சொல்லுங்கள்

பரிந்துரையின் உயிர் இந்தப் படிதான். பெவர்லி நாயுடுவின் 'ஜர்னி டு ஜோபர்க்' நாவலையே எடுத்துக்கொள்வோம். நம் பெரியவர்கள் அதைப் பிள்ளையிடம் நீட்டும் விதம் இது: "நிறவெறிக் காலத்தின் கொடுமையை விளக்கும் நல்ல நூல், நீ கட்டாயம் படிக்க வேண்டும்." அதைக் கேட்டதும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். வரலாற்றுப் பாடப்புத்தகத்தைக் கூடுதலாக ஒன்று கொடுத்த மாதிரி இருக்கும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஒரு கிராமத்தில் கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல். அம்மா முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்கிறாள். டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லை. அக்கா நலேடிக்குப் பதின்மூன்று வயது, தம்பி டிரோவுக்கு ஒன்பது. இரண்டு பேரும் வீட்டில் சொல்லாமல் நடக்கத் தொடங்குகிறார்கள்." அங்கேயே நிறுத்திவிடுங்கள். போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டால், புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

கேட்கும் பிள்ளைக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. விடுமுறைக்கு என்3 நெடுஞ்சாலையில் காரில் ஜோஹன்னஸ்பர்க் போய் வந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய. "அந்தத் தூரத்தில் பாதிக்கும் மேல், நடந்தே போகக் கிளம்பினார்கள்" என்று சொன்னால் கண் விரியும்.

இன்னொரு தூண்டில்: 1985இல் வெளியான இந்தப் புத்தகத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் 1991 வரை தடை இருந்தது. "உன் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது இதை இந்த நாட்டுக்குள் வரவே விடவில்லை" என்று ஒரு வரி போதும். அரசாங்கம் பயந்த புத்தகம் இத்தனை மெலிசாக இருக்கிறதே என்று புரட்டிப் பார்ப்பார்கள். அட்டையில் நாயுடு என்று பார்த்துவிட்டு "நம்ம ஆளா?" என்றும் கேட்பார்கள். அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி, கணவர் வழியில் வந்த பெயர் என்று சொல்லுங்கள். அப்படியொரு திருமணத்துக்கு அன்றைய சட்டம் இங்கே இடம் கொடுத்ததா என்ற கேள்வி தானாக எழும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், பிள்ளையே தேடட்டும்.

படி 4: இரண்டோ மூன்றோ காட்டுங்கள், ஒன்றை அவர்களே எடுக்கட்டும்

ஒரே புத்தகத்தை நீட்டினால் அது உத்தரவு. பத்தை நீட்டினால் குழப்பம். என் வழக்கம் இது: ஒன்று நம் ஊர்க் கதை, ஒன்று வெளியூர்க் கதை, ஒன்று சிறுகதைத் தொகுப்பு. நம் ஊருக்கு மேலே சொன்ன நலேடியின் கதை. வெளியூருக்கு அதே ஆசிரியரின் 'தி அதர் சைட் ஆஃப் ட்ரூத்' (2000). நைஜீரியாவில் தாய் சுட்டுக் கொல்லப்பட்டதும் லண்டனுக்குக் கடத்தி அனுப்பப்படும் அக்கா தம்பியின் கதை. சிறார் நூல்களுக்கான பிரிட்டனின் கார்னகி பதக்கம் பெற்றது. பதின்மூன்று வயதுக்கு மேல் சரியாக இருக்கும். சிறுகதைக்கு அவருடைய 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்'. அதன் தலைப்புக் கதையில் வேலிக்கு இந்தப் பக்கம் வசதியான வீட்டுப் பையன் ரோஹன், அந்தப் பக்கம் குடிசைப் பகுதியிலிருந்து தண்ணீர் தேடி வரும் பையன். நம் குன்றுகளில் வளரும் பிள்ளைக்கு அந்த வேலியை விளக்க வேண்டியதில்லை.

மூன்றும் ஒரே ஆசிரியராகிவிட்டதே என்று கேட்கலாம். தொடங்குபவருக்கு அதுவே வசதி. ஒருவரை நன்றாகத் தெரிந்துகொண்டு பிறகு விரியுங்கள்.

படி 5: தமிழுக்குத் தனி வழி

இங்கே பெரியவர்கள் 'பொன்னியின் செல்வன்' என்று தொடங்குவார்கள். ஐந்து பாகம்! கூட்டெழுத்தில் தடுமாறும் பிள்ளையிடம் அதைக் கொடுப்பது தண்டனை. படித்துக் காட்டுங்கள், அல்லது வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சியை வாயால் சொல்லுங்கள்; அது போதும்.

அவர்களே படிக்க, மெல்லிய புத்தகம் தேடுங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல். தவறான தொடுதலைப் பற்றி ஒரு பொம்மை வழியாகப் பேசுகிறது. வீட்டில் பேசத் தயங்கும் விஷயத்தை அது எளிதாக்கும் என்பதால், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து படிக்கச் சொல்வேன். இரா. நடராசனின் 'ஆயிஷா' இன்னும் சிறியது. கேள்வி கேட்பதற்காக அடி வாங்கும் ஒரு மாணவியின் கதை. முடிவு மனத்தை உலுக்கும். இங்கே 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தோடு பள்ளியில் பிரம்படிக்குத் தடை வந்துவிட்டது. "டீச்சர் அடிக்கலாமா?" என்று பிள்ளை திகைக்கும். அந்தத் திகைப்பை வைத்தே ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம்.

முதல் அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாவதை மாறி மாறிப் படியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் கதை சிதறிவிடும். மீண்டும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: புத்தகம் எங்கே கிடைக்கும்?

புதுப் புத்தகம் நம் நாட்டில் விலை அதிகம். அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி வேறு. மாநகராட்சி நூலகத்தில் முதலில் கேளுங்கள். பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள், அம்மாவின் அட்டையில் வேண்டாம். கைப்பேசியை விடாத பிள்ளைக்கு ஃபன்ட்ஸா தளத்தில் தென்னாப்பிரிக்க இளைஞர் கதைகள் இலவசமாக உள்ளன. தமிழ்ப் புத்தகத்துக்கு, இந்தியாவுக்குப் போய்வரும் உறவினர் கையில் பட்டியல் கொடுத்துவிடுவதுதான் இன்றும் நடைமுறை.

படி 7: புத்தகம் திரும்பி வரும்போது

"என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். "எந்த இடத்தில் யார் மேல் கோபம் வந்தது?" என்று கேளுங்கள். படிக்காமல் திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, படி ஒன்றுக்குத் திரும்புங்கள்.

பிடித்திருந்தால் அடுத்தது அன்றே கையில் இருக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் சூடு ஆறிவிடும். நலேடியைப் பிடித்தவர்களுக்கு அவளுடைய அடுத்த கதையான 'செயின் ஆஃப் ஃபயர்' (1989) இருக்கிறது. அதில் அவள் ஊரையே காலி செய்து வேறிடத்துக்கு அனுப்ப உத்தரவு வருகிறது. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட தாத்தாக்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை அந்த நாவலில் பாதி வந்ததும் தாத்தாவிடம் அனுப்பி, லாரியில் என்னென்ன ஏற்றினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். மீதிப் பாதியைப் படிக்க நீங்கள் நினைவூட்ட வேண்டியிருக்காது.