முதலாம் ஆண்டுக்குப் பள்ளி தேடும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைப் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் பெற்றோர் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய அரசாங்கப் பள்ளிகள் மிகச் சிலவே: தோட்டத்துக்குள் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி, நகரில் சற்றுப் பெரிய தமிழ்ப்பள்ளி, மலாய்மொழியில் கற்பிக்கும் ஒரு தேசியப் பள்ளி. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடம் என்பதால், ஒரு பள்ளியைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் எழுந்த பேச்சே இன்றும் அதன் தரச் சான்றாக நிலைத்துவிடுகிறது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் பொதுத்தேர்வின் பழைய முடிவுகளை வைத்துப் பள்ளியை எடைபோடுவதே நான் மிகுதியாகக் காணும் தவறு. அத்தேர்வு கடைசியாக நடந்தது 2019இல்; பெருந்தொற்றால் 2020இல் ரத்தாகி, 2021இல் அடியோடு நீக்கப்பட்டது. எனவே ‘அங்கே 8 ஏ எடுத்தார்கள்’ என்னும் பெருமைக்கு உரிய பிள்ளைகள் இடைநிலைப்பள்ளி வயதையே கடந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் இப்போதும் அதே பள்ளியில் இருக்கிறார்களா என்பதை விசாரித்தால்தான் தெரியும். அன்றைய விழுக்காடும் சிறிய பள்ளிக்கு நியாயம் செய்ததில்லை. ஆறாம் ஆண்டில் 8 பேரே இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு தேர்வெழுதித் தவறினாலும் தேர்ச்சி 12.5 விழுக்காடு சரியும். 80 பேர் உள்ள பள்ளியில் அதே இழப்பு 1.25 விழுக்காடுதான். இப்போது வகுப்பறையில் வழங்கப்படும் 1 முதல் 6 வரையிலான தேர்ச்சி நிலைகளை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே மதிப்பிடுவதால், அவை ஒரு பிள்ளையின் வளர்ச்சியைப் பெற்றோருக்குக் காட்டுமே தவிர, இரு பள்ளிகளை அளக்கும் பொதுக் கோல் ஆகா.

அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் நேராக இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றுக்குச் சென்றார்கள், எத்தனை பேர் மலாய்மொழியில் போதிய தேர்ச்சியின்றி அதற்கு முந்திய புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்கிறார்கள்? தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாலே புகுமுக வகுப்புதான் என்று அஞ்சுவோருக்கு இந்த ஒரு விவரமே தெளிவைத் தரும்.

மாணவர் குறைவு என்பதையே குறையாகக் கருதுவது அடுத்த தவறு. 150 பேருக்கு மேற்படாத பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. அது எண்ணிக்கையைக் குறிக்கும் பெயர், தரத்தை அன்று. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் வாசிக்கத் திணறும் குழந்தையை ஆசிரியர் முதல் மாதத்திலேயே கண்டுகொள்ள முடியும் என்பதை நான் மனமார நம்புகிறேன். எனினும், எண்ணிக்கை மிகக் குறைந்த பள்ளிகளில் ஈராண்டு மாணவர்களை ஒரே வகுப்பறையில் அமர்த்துவதுண்டு என்பதால், அதைத் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்டறிய வேண்டும்.

கட்டடத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் சரியன்று. அரசாங்கத்திடம் முழு உதவி பெறாமல் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளியின் நிலம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. சுவர் பழையதாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் முழு உதவி, பகுதி உதவி என்னும் இரு வகைப் பள்ளியிலும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசாங்கமே.

தேசியப் பள்ளியிலும் தமிழ் கற்பிப்பார்கள் என்று விசாரிக்காமலே நம்பிச் சேர்ப்பவர்கள் பலர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் ஆறேழு பேர் மட்டும் படிக்கும் பள்ளியில் அந்த எண்ணிக்கை எப்படிச் சேரும் என்பதைப் பதிவுக்கு முன்பே, அங்கு ஏற்கெனவே பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் குடும்பங்களுடன் பேசிப் பார்க்க வேண்டும்.